அனுமதியில்லாமல் நின்ற ரத்தம்

அந்தப் பயிற்சி நிறுவனத்தின் நான்காவது மாடியில் கடல் இருந்தது. நிஜக் கடலும் இருக்கத்தான் செய்தது. ஜன்னலைத் திறந்தால் முந்நூறு மீட்டர் தள்ளி, கிரேன்களுக்கும் கண்டெய்னர்களுக்கும் நடுவே, அழுக்கு நீலத்தில் அதுபாட்டுக்குக் கிடந்தது. ஆனால் அதற்கு அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் பெற்ற கடல் 404ஆம் எண் அறைக்குள் இருந்தது.

அறையின் நாலு பக்கமும் பிளைவுட் அடித்துச் சாம்பல் வண்ணம் பூசியிருந்தார்கள். ஒரு சுவரில் வட்டமாக ஜன்னல் வரைந்து, அதற்குள் நீல அலை வரைந்து, பெயிண்டர் தன் சொந்த ஆர்வத்தில் ஒரு மீனையும் சேர்த்திருந்தார். வாசற்படியில் ஒரு பலகை. பலகைக்கு உள்ளே நடுக்கடல், வெளியே வராந்தா கரை. கழிப்பறை கரையில் இருந்ததால், அவசரம் வந்தவர்கள் பதிவேட்டில் ‘கரை விடுப்பு’ என்று எழுதி, காரணம் குறிப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் காரணம் நிறைவேறியதா என்பதற்கு இன்னொரு கையெழுத்து.

இந்த நடுக்கடலில், ஒரு திங்கட்கிழமை காலை, பதினொரு கப்பல் அதிகாரிகளோடு வந்து உட்கார்ந்தார் இரண்டாம் அதிகாரி. சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. மருந்து அலமாரியின் சாவி இரண்டாம் அதிகாரியிடம் இருக்கும். சாவி யாரிடமோ அவர்தான் டாக்டர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவர் இந்த உயர்நிலை மருத்துவப் பயிற்சிக்கு வந்து, தன் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நம்மவருடையது போன மாதம் காலாவதியாகியிருந்தது. ஏழு மாதமாகக் கரையில் சும்மா இருந்தவருக்கு இப்போதுதான் ஒரு கப்பல் கிடைத்திருந்தது. சனிக்கிழமை காலை அது கிளம்புகிறது.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு சர்டிபிகேட் என் மேஜைல இருக்கணும் செகண்ட் சார்,” என்று கம்பெனி மேலாளர் சொல்லியிருந்தார். “இல்லேன்னா உங்களுக்குப் பதிலா ஏற ஒருத்தர் கீழ வரவேற்புல உக்காந்திருக்கார். தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா ஒரு முன்னேற்பாடு.”

முன்னேற்பாட்டை அவர் நேரிலேயே பார்த்திருந்தார். பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தபடி, பக்கமே திருப்பாமல் உட்கார்ந்திருந்தது.

அறையின் நடுவே ஒரு கட்டில். கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை, வாயைத் திறந்தபடி, நீலச் சட்டையில். எல்லாரும் சுற்றி நின்று உபசரிக்க, தான் மட்டும் ஒரு துரும்பையும் அசைக்காமல் படுத்திருப்பதால் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று எப்போதோ யாரோ பெயர் வைத்து, அதுவே நிலைத்துவிட்டது. மாப்பிள்ளையின் வலது தொடையில் ஒரு கிழிசல். அதற்குள் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில், கொக்கியில் தொங்கும் ஒரு பையில் சிவப்புச் சாயத் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் ஒரு வாளி.

கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் உதவியாளர். ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. அவருடைய பதவி ‘அலை’. பாடத்திட்டப்படி நோயாளி ஆடும் கப்பலில் இருந்தாக வேண்டும் என்பதால், நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை கட்டிலைக் காலால் எட்டி உதைப்பது அவர் வேலை. அந்த வாரம் அவருக்கு முட்டி வலி. ஆகவே கடல் அமைதியாக இருந்தது.

பயிற்சி ஆசிரியருக்கு ‘கட்டம் சார்’ என்று பெயர். ஏன் என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

“கப்பல்ல ஒருத்தன் விழுந்துட்டான். ரத்தம் கொட்டுது. முதல்ல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார் அவர்.

“ஓடிப்போய்ப் பார்ப்பேன் சார்,” என்றார் இரண்டாம் அதிகாரி.

“எதை?”

“அவனை.”

“அதுக்கு முன்னாடி?”

“முழிச்சுக்குவேன்,” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியர், கண்ணைத் திறக்காமலே. இந்தப் பயிற்சிக்கு அவர் வருவது நாலாவது தடவை. ஐந்து நாளில் குழுப் படம் எடுக்கும்போது மட்டும் கண் திறப்பார் என்று சொன்னார்கள்.

கட்டம் சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மேஜை டிராயரைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு தாளை வெளியே எடுத்தார். “படிவம் பதினொண்ணு. கடல்வழி மருத்துவ ஆலோசனைக் கோரிக்கை. நாப்பத்தேழு கட்டம். நாலு பிரதி. இதை நிரப்பி, ரேடியோவுல கரைல இருக்கற டாக்டருக்கு ஒண்ணுலேருந்து நாப்பத்தேழு வரைக்கும் வரிசையா வாசிக்கணும். அவர் அனுமதி குடுத்தப்புறம்தான் நோயாளி மேல கை படணும். அதுவரைக்கும் அவர் உங்க நோயாளி இல்ல. சும்மா கீழ கிடக்கற ஒரு ஆள்.”

ஒன்றாம் கட்டம் கப்பலின் பெயர். இரண்டு, கொடி. ஒன்பது, ஏற்றியிருக்கும் சரக்கு. அது நிலக்கரி என்றால் ஒன்பது-அ, எந்தச் சுரங்கம். பதினாலு, அலையின் உயரம். இருபத்திரண்டு, நோயாளிக்குக் கட்டிய பல் உண்டா. முப்பத்தொன்று, நோயாளியின் கையெழுத்து, தெளிவாக, கோட்டுக்கு மேல் படாமல். நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது முப்பத்தொன்பதாவது கட்டத்தில் வந்தது. அதற்கு அரை அங்குல இடம் விட்டிருந்தார்கள்.

ஐந்து நாள் பயிற்சியில் முதல் இரண்டு நாளும் படிவம். மூன்றாம் நாள் தேர்வு. நாலாம் நாள் தேறாதவர்களுக்கு அறிவுரை. ஐந்தாம் நாள் மறுதேர்வும் நிறைவு விழாவும். சிகிச்சை என்பது பாடப் புத்தகத்தின் பின்னிணைப்பில், ‘நேரமிருப்பின்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

கரையில் இருக்கும் டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். நடுவில் இருந்தது ஒற்றைப் பிளைவுட். அவர் தும்மினால் இங்கே இரண்டு முறை கேட்கும். ஒன்று சுவர் வழியாக, இன்னொன்று வாக்கி டாக்கியில். சுவர் வழியாக வருவது அவருடைய தனிப்பட்ட தும்மல் என்றும், வாக்கி டாக்கியில் வருவது மட்டுமே மருத்துவம் என்றும் கட்டம் சார் விளக்கினார்.

செவ்வாய்க்கிழமை மதியம், கரை விடுப்பில் தண்ணீர் குடிக்கப் போன இரண்டாம் அதிகாரி, அந்த டாக்டரைத் தண்ணீர்க் கேன் பக்கத்தில் சந்தித்தார். வெள்ளைக் கோட்டு, கையில் டிபன் பாத்திரம், கழுத்தில் பளபளவென்று கீறல் விழாத ஸ்டெதாஸ்கோப்.

“ஒன்பது வருஷமா இங்கதான் தம்பி இருக்கேன்,” என்றார் டாக்டர். “ஒரு நோயாளியக் காப்பாத்தினதில்ல. முப்பத்தொன்பதாவது கட்டத்துல வியாதி வரும். அதுக்குள்ள பெரும்பாலும் வியாதிக்கு ஆள் இருக்கறதில்ல. மனசு கேக்காது. இருந்தாலும் ‘கட்டுப் போடுங்க’ன்னு சொல்லிடுவேன். வேற ஏதாவது சொன்னா பாடத்திட்டத்துல இடமில்ல.”

“நீங்க ஒருதடவை உள்ள வந்து பாத்தா என்ன டாக்டர்?”

“கடல்ல கப்பல் போயிட்டிருக்கு. நான் எப்படி வருவேன்?” என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு அவர் தன் கரைக்குள் போனார்.

புதன்கிழமை தேர்வு. ஒருவருக்கு இருபது நிமிடம். முதலில் போன இரண்டு பேரும் படிவத்தை மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள். இருவரும் மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பத்தொன்பது நிமிடத்தில் நாற்பத்தேழாவது கட்டத்தைத் தொட்டு, டாக்டரின் அனுமதியை வாங்கி, திரும்பி ஒரு கட்டுப் போட்டார்கள். வாளியில் பதினோரு லிட்டர் சேர்ந்திருந்தது. மனிதனுக்கு உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர்தான் என்று யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. “பாஸ்,” என்றார் கட்டம் சார். அலை எழுந்து வாளியைப் பையில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது நம்மவர். மணி அடித்தது. அலை குழாயைத் திறந்தார். மாப்பிள்ளையின் தொடையிலிருந்து சிவப்பு பீறிட்டு, கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கப்பலில் எண்ணெய்ப் பணியாளர் ஒருவரின் முழங்கை, கயிறு இழுக்கும் எந்திரத்தில் மாட்டிக்கொண்டது. ஹெலிகாப்டர் வரும்வரை நாற்பது நிமிடம், அந்தக் கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி தளத்தில் மண்டியிட்டிருந்தவர் நம்மவர்தான். அந்த எண்ணெய்ப் பணியாளர் இன்றைக்கும் தினமும் காலையில் பூப்படம் போட்ட வணக்கம் ஒன்று அனுப்பிவிடுவார். அதுவும் அந்தக் கையாலேயே. அப்போது செய்ததைக் கை மறந்திருக்கவில்லை. படிவம் ஒரு பக்கம் பறக்க, ஓடிப்போய் இடது உள்ளங்கையால் தொடையை அழுத்தி, வலது கையால் துணிப் பட்டையை உருவி, காயத்துக்கு மேலே சுற்றி, கரண்டிக் காம்பைச் சொருகி முறுக்கினார். ஒன்றரை நிமிடத்தில் சிவப்பு நின்றது. வாளியின் அடிப்பாகம்கூட முழுதாக நனையவில்லை.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, படிவத்தைத் தேடி எடுத்து, “கப்பலின் பெயர்...” என்று ஆரம்பித்தார். இருபத்திரண்டாவது கட்டத்தில், கட்டிய பல்லுக்காக மாப்பிள்ளையின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

கட்டம் சாரின் முகம் அதற்குள் பிளைவுட் நிறத்துக்கு வந்திருந்தது. “என்ன பண்ணீங்க?”

“கட்டினேன் சார்.”

“யாரக் கேட்டு?”

“ரத்தம் வந்துச்சு சார்.”

“ரத்தம் எல்லாருக்கும்தான் வரும். அனுமதி வந்துச்சா?” அவர் பதிவேட்டைத் திறந்தார். “இருபது நிமிஷத்துல அனுமதி வாங்காத நோயாளி இறந்துட்டதா எடுத்துக்கணும். விதி ஒன்பது. நேரம், பத்து நாப்பது.”

“சார், ரத்தம் நின்னுபோச்சே,” என்றார் அலை, ஸ்டூலிலிருந்து.

“நின்னதுதான் பிரச்சினையே. அனுமதியில்லாம நின்ன ரத்தம், கணக்குப்படி ஓடிக்கிட்டுதான் இருக்கு,” என்று சொல்லி, கட்டம் சார் சிவப்பு மையில் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பதிவேட்டில் இறந்துபோனவர் மீது யாரும் சிகிச்சைப் பயிற்சி செய்யக் கூடாது என்று விதி பத்து சொன்னது. மாப்பிள்ளை ஒருவர்தான். மீதம் தேர்வு எழுத வேண்டியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வராந்தாவில், அதாவது கரையில், நம்மவரைச் சுற்றி நின்றார்கள்.

“ரெண்டு நாளா ஒன்பது-அ, சுரங்கத்தோட பேரு, எல்லாம் உருப்போட்டு வச்சிருந்தேன். ராத்திரிக்குள்ள மறந்துடும்,” என்றார் ஒருவர்.

“பொம்மையக்கூட உயிரோட விட்டுவைக்கலையே நீங்க,” என்றார் சீனியர். நிலைமை அவ்வளவு மோசம். அவர் கண் திறந்திருந்தது.

வியாழக்கிழமை காலை முதல்வரின் அறையில் விசாரணை. முதல்வர் ஒரு முன்னாள் கேப்டன். கடலை விட்டு இருபத்தாறு வருடம் ஆகியிருந்தாலும் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கப்பல் சக்கரத்தை மாட்டி வைத்திருந்தார். கோபம் வந்தால் எழுந்து அதை இடப்பக்கம் சுற்றுவார். அன்றைக்கு மூன்று சுற்று சுற்றினார்.

“இந்த நிறுவனம் ஆரம்பிச்ச நாள்லேருந்து,” என்றார், “ஒரு நோயாளிகூட எங்க கையில செத்ததில்ல. ஏன் தெரியுமா? நாங்க கையையே வைக்கறதில்ல.”

கட்டம் சார் தலையாட்டினார். இரண்டாம் அதிகாரியும், என்ன செய்வதென்று தெரியாமல், கூடவே ஆட்டினார்.

“கை எல்லாருக்கும் இருக்கு. குரங்குக்கு நாலு இருக்கு. அதை அடக்கிவச்சு, கண்ணெதிர்ல ஒருத்தன் துடிக்கறப்ப, பதட்டப்படாம, நிலக்கரி எந்தச் சுரங்கத்துலேருந்து வந்ததுன்னு ஒருத்தன் எழுதறான் பாருங்க, அவன் அதிகாரி. அந்த மன உறுதியத்தான் இங்க சொல்லித்தரோம். காப்பாத்தறதுக்கு எதுக்கு ஐயா பயிற்சி? அதை ரோட்டுல போறவன்கூடப் பண்ணிட்டுப் போயிடுவான்.”

பிறகு எல்லாரும் 404க்குப் போனார்கள். இறப்பை டாக்டர் உறுதி செய்ய வேண்டும். முதல்வரே வாக்கி டாக்கியை எடுத்தார்.

“டாக்டர், நோயாளி இறந்திருக்கிறார். உறுதி செய்யவும். ஓவர்.”

“ஒரு நிமிஷம் வந்து பாத்துடட்டுமா? பக்கத்து ரூம்தானே,” என்றது சுவர்.

“டாக்டர், நீங்க இப்ப எண்ணூறு கடல்மைல் தூரத்துல இருக்கீங்க. ஓவர்.”

“ஆமாமா, மறந்துட்டேன். ஓவர்,” என்றது வாக்கி டாக்கி.

பார்க்காமல் இறப்பை உறுதி செய்ய டாக்டரின் படிப்பு இடம் கொடுக்கவில்லை. பார்க்க நிறுவனத்தின் விதி இடம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை சாகவும் முடியாமல் பிழைக்கவும் முடியாமல் வாயைத் திறந்தபடி கிடந்தார். அரை மணி நேரம் எல்லாரும் அவரைச் சுற்றி மௌனமாக நின்றதில் அது துக்க வீடு மாதிரியே ஆகிவிட்டது. கரையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு கிளார்க் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா,” என்றார் அலை. “இவருக்கு ஒரு தம்பி இருக்கறதா வச்சுக்குவோம். அண்ணன் பணியில இருக்கும்போது போயிட்டார். கருணை அடிப்படையில தம்பிக்கு அந்த வேலையப் போட்டுக் குடுத்துடுங்க. எங்க அப்பா போனப்ப எனக்கு இப்படித்தான் அலை வேலை கிடைச்சது.”

முதல்வர், சம்மதம் என்பதாக, சக்கரத்தை வலப்பக்கம் சுற்றுவது போல் கையை அசைத்தார். ஒரு மணி நேரத்தில் ஆணை தட்டச்சாகி வந்தது. மாப்பிள்ளைக்கு நீலச் சட்டையைக் கழற்றிப் பச்சைச் சட்டை போட்டார்கள். விண்ணப்பத்தில் ‘உறவு: உடன்பிறந்த தம்பி’, ‘தோற்றம்: அண்ணனைப் போல’. மதியத்துக்குள் தம்பி பணியில் சேர்ந்து படுத்துவிட்டார். ஒன்பது பேரும் வரிசையாகத் தேர்வு எழுதி, ஆளுக்குப் பதினோரு லிட்டர் வீதம் எடுத்து, பாஸானார்கள். நம்மவருக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுதேர்வு. அதிலும் தவறினால் அடுத்த பயிற்சி மூன்று மாதம் கழித்து.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி அடுப்படியில் இருந்தார். அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். பதினாலு வருட அனுபவம். யூனிபார்மை இன்னும் மாற்றியிருக்கவில்லை.

“ஏங்க, பொம்மையக் கொன்னுட்டீங்களாமே.”

“உனக்கு யாரு சொன்னா?”

“உங்க சீனியரோட மாமியார் எங்க வார்டுலதான் இருக்காங்க. சிரிச்ச சிரிப்புல தையல் விட்டுடும்போல இருந்துச்சு. டாக்டர் வந்து, யார் இந்தம்மாவுக்கு ஜோக் சொன்னதுன்னு சத்தம் போட்டுட்டுப் போறார்.”

இரண்டாம் அதிகாரி தட்டை எடுத்து வைத்தார். நாளைக்கு ஐந்து மணி, வரவேற்பில் இருக்கும் பெட்டி, எல்லாவற்றையும் சொன்னார். முதல்வர் குரங்கைப் பற்றிச் சொன்னதையும் சொன்னார்.

“ரத்தம் எத்தனை நிமிஷத்துல நின்னுச்சு?” என்று கேட்டார் மனைவி, திடீரென்று.

“ஒன்றரை.”

“எங்க கட்டினீங்க?”

அவர் தன் தொடையில் காட்டினார்.

“நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க,” என்றார் மனைவி. அந்த வாரத்தில் அவர் வாங்கிய ஒரே மதிப்பெண் அதுதான்.

“நல்லாப் பண்ணி என்ன? ஃபார்ம்தான் முதல்லயாம்.”

“அப்போ முதல்லயே நிரப்பிட்டுப் போங்க.”

“எதுக்கு முதல்ல?”

“அவன் விழறதுக்கு முதல்ல.” மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். “எங்கிட்ட ஒரு நாளைக்கு நாப்பது பேர் வர்றாங்க. ஒருத்தராவது இத்தனை மணிக்கு விழப்போறேன்னு சொல்லிட்டு விழறாங்களா? உங்க மாப்பிள்ளை காலைல ஒன்பது மணிக்கு, வலது தொடையில, மணி அடிச்சு விழறவன். இப்படி ஒரு நோயாளி உலகத்துல யாருக்குக் கிடைப்பான்? விழுந்தப்புறம் எதுக்கு அவன் பல்ல எண்ணிட்டிருக்கீங்க?”

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு இடது கையால் பையை இழுத்து, படிவத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கே அவர் பலகையைத் தாண்டிக் கடலுக்குள் நுழைந்தார். நாலு பிரதிகள், நாலு நிறத்தில், நாற்பத்தைந்து கட்டங்கள் நிரப்பியபடி கையில் இருந்தன. மாப்பிள்ளையின் விரல்களுக்கு நடுவே பேனாவை வைத்து முப்பத்தொன்றாவது கட்டத்தில் கையெழுத்து வாங்கினார். நாற்பத்தேழில் தன்னுடையதைப் போட்டார். வாக்கி டாக்கியை எடுத்தார். கட்டம் சார் பதிவேட்டோடு வந்து உட்கார்ந்தபோது அவர் முப்பத்தைந்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்தொன்பது. நோயாளிக்கு நேர்ந்தது: வலது தொடையில் கடுமையான ரத்தப்போக்கு, ஒன்பது மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது. ஓவர்.”

மறுபக்கத்திலிருந்து டாக்டர் கேட்டார்: “எதிர்பார்க்கப்படுகிறதா? ஓவர்.”

“ஆம். ஓவர்.”

“அப்ப ஆள் இன்னும் உயிரோட இருக்காரா? ஓவர்.”

“நலமாக இருக்கிறார். ஓவர்.”

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது.

“இருங்க, இருங்க,” என்று கட்டம் சார் எழுந்தார். “அவன் இன்னும் விழவே இல்லையே.”

“அதனாலதான் சார் கையெழுத்து தெளிவா இருக்கு,” என்றார் இரண்டாம் அதிகாரி.

கட்டம் சார் முப்பத்தொன்றாவது கட்டத்தைக் குனிந்து பார்த்தார். ஒன்பது வருடத்தில் கோட்டுக்கு மேல் படாத முதல் கையெழுத்து. அதைப் பார்த்தபின் அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் அதிகாரி மீதி எட்டுக் கட்டங்களையும் வாசித்து முடித்தார்.

“கட்டுங்க தம்பி,” என்றது வாக்கி டாக்கி, கரகரவென்று. “காயத்துக்கு மேல, நல்லா இறுக்கி. அனுமதி. முழு அனுமதி. நான் குடுக்கறேன். ஓவர்.” பிறகு அவசர அவசரமாக, “நேரத்தைக் குறிச்சு வையுங்க. ஓவர்,” என்றது.

ஒன்பது அடித்தது. அலை குழாயைத் திறந்தார். சிவப்பு நாலு விநாடி எட்டிப் பார்த்தது. தயாராகச் சுற்றி வைத்திருந்த பட்டையை நம்மவர் முறுக்கினார். நின்றது. வாளியில் சத்தம்கூட வரவில்லை. அலை குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, “காலி வாளிய நான் எங்க சார் ஊத்தறது?” என்று கேட்டார்.

கட்டம் சார் விதிப் புத்தகத்தை முன்னிருந்து பின்னாகவும், பின்னிருந்து முன்னாகவும் புரட்டினார். படிவத்துக்கு முன் சிகிச்சை கூடாது என்று எட்டு இடத்தில் இருந்தது. காயத்துக்கு முன் படிவம் கூடாது என்று எங்கேயும் இல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதல்வரிடம் ஓடினார். பதினோரு மணி வரைக்கும் கீழ்மாடியில் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இடமா வலமா என்று மேலே இருந்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு நிறைவு விழாவில்தான் தெரிந்தது. முதல்வர் மைக்கைப் பிடித்தார்.

“இத்தனை வருஷமா நமக்கு ஒரே ஒரு தலைவலி. நோயாளிகள். படிவம் தயாரா இருக்கும், ரேடியோ தயாரா இருக்கும், அதிகாரி தயாரா இருப்பார். இவங்க மட்டும் நினைச்ச நேரத்துக்கு விழுவாங்க. கட்டுப்பாடே கிடையாது. நம்ம தரப்புல என்ன குறைன்னு இருபத்தாறு வருஷமா யோசிச்சேன். குறை நம்மகிட்ட இல்ல, விழறவங்ககிட்ட இருந்திருக்கு. இன்னிக்கு இந்தத் தம்பி அதை நிரூபிச்சிருக்கார். ஒரு மருத்துவ முறை சரியா இயங்கணும்னா, அதுல நோயாளி கடைசியாத்தான் வரணும்.”

கைதட்டல் எழுந்தது. சீனியர் குழுப் படத்துக்காகக் கண்ணைத் திறந்தார். நாலு நாற்பதுக்கு இரண்டாம் அதிகாரி, ‘மிகச் சிறப்பு’ என்று முத்திரை குத்திய சான்றிதழோடு படிகளில் இறங்கி ஓடினார். நாலு ஐம்பத்தெட்டுக்கு அது மேலாளரின் மேஜையில் இருந்தது. வரவேற்பில் இருந்தவர் செய்தித்தாளை மடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த கட்டடத்தின் வரவேற்புக்குப் போனார்.

கப்பல் சனிக்கிழமை கிளம்பியது. மூன்றாவது வாரம், கரை எதுவும் கண்ணில் படாத ஓர் இடத்தில், கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பயிற்சி நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று, இனி எல்லாக் கப்பல்களிலும் ‘முன்கூட்டிய காய விண்ணப்பம்’ கட்டாயம் ஆகிறது. காயம்பட விரும்பும் பணியாளர்கள் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன், இடம், உறுப்பு, நேரம் குறிப்பிட்டு இரண்டாம் அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காத காயங்கள் காயமாகக் கருதப்படமாட்டா.

கேப்டன் அதை உணவறைப் பலகையில் நாலு பின் குத்தி மாட்டினார். “எனக்கு ஒண்ணும் புரியல செகண்ட். உங்க பேரு கீழ இருக்கு. நீங்களே பாத்துக்குங்க.”

மறுநாள் காலை அவருடைய அறைக்கு வெளியே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். சிலருக்கு எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கணுக்கால் வேண்டியிருந்தது. இளநிலை எஞ்சினியர் பிறந்தநாள் வருகிற வாரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். சமையல்காரர் முன்யோசனைக்காரர், வாரத்துக்கு இரண்டு விரல் எப்படியும் வெட்டுப்படும் என்று கணக்குப் போட்டு, இடது கை, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை என்று எழுதிக் கொடுத்து, கரை டாக்டரின் அனுமதியையும் வாங்கி, படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடினார்.

திங்கட்கிழமை மதியம் ஃபிட்டர் கத்தினார். தகடு வழுக்கி உள்ளங்கையைக் கிழித்திருந்தது. எந்திர அறையிலிருந்து அவரைத் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுவந்தவர்கள், உணவறை வாசலில் ஒரு நொடி தயங்கி நின்றார்கள்.

“இவர் விண்ணப்பிச்சிருக்காரா?” என்று கேட்டார் கேப்டன்.

ஃபிட்டர் வெளிறிப்போய்த் தலையை இடவலமாக ஆட்டினார். ரத்தம் முழங்கை வழியாக இறங்கித் தரையில் சொட்டியது. எல்லாரும் இரண்டாம் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஃபிட்டரை உட்காரவைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஒன்றரை நிமிடம். அப்புறம் கட்டு. அப்புறம் திரும்பாமலே, “குக், உங்க பேப்பரை எடுங்க,” என்றார்.

“எதுக்கு செகண்ட் சார்?”

“கை அனுமதி ஒண்ணு உங்ககிட்டதான் இருக்கு. இவருக்கு மாத்தி எழுதிடறேன். நாள் மட்டும் ஒரு நாள் முன்னாடி.”

கேப்டன் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆட்சேபணை இல்லை என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். சமையல்காரர் தன் தாள் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நாளைக்கு எனக்கு?”

“அனுமதி இல்ல.”

“புதன்?”

“புதுசா விண்ணப்பிச்சா வியாழக்கிழமைதான் வரும்.”

சமையல்காரர் சமையலறைக்குள் போய், கத்திகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்து, டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை இரண்டாம் அதிகாரியிடம் கொண்டுவந்து கொடுத்தார். வியாழக்கிழமை வரை அந்தக் கப்பலில் முட்டைக்கோஸைக் கையால் பிய்த்துத்தான் சமைத்தார்கள்.